விளக்கு வைத்த பிறகு வருகிறவர்கள்

2024 நவம்பர் 6-ஆம் தேதி காலை பதினொன்றரை மணி இருக்கும். நெத்திலி தலை கிள்ளிக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் இருந்து அண்ணன் மகள் போன் போட்டாள். அவளுக்கு அது அதிபர் தேர்தல் முடிந்த நடுராத்திரி.

“அத்தை, இங்க ட்ரம்ப்தான். ஆனா மூணாவது ஜெயிச்சிருச்சு.”

“மூணாவது யாருடி? ரெண்டு பேருதானே நின்னாங்க?”

“ஆள் இல்ல அத்தை. கேள்வி.”

மீன் கையோடு போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு முழுசாகக் கேட்டேன். அவள் இருப்பது மிசௌரி மாநிலம், செயின்ட் லூயிஸ். அவளுக்கு அங்கே ஓட்டு கிடையாது, புருஷன் விசாவில் ஒட்டிக்கொண்டு போனவள். அந்த ஊர் ஓட்டுச்சீட்டில் ஆட்கள் பெயரோடு கேள்விகளும் இருக்குமாம். இந்தச் சட்டத்தை மாற்றலாமா வேண்டாமா என்று நேராக ஜனங்களையே கேட்பார்கள். அப்படி மூன்றாவதாகக் கேட்டது, கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியல் சட்டத்தில் எழுதலாமா என்று. 51.6 சதவீதம் பேர் எழுதலாம் என்றுவிட்டார்கள். அதே மாநிலத்தில் அதே நாளில் ட்ரம்ப்புக்கு 58 சதவீதத்துக்கு மேல் விழுந்திருக்கிறது.

“அதெப்படி அத்தை? இங்க கருக்கலைப்புக்குத் தடை கொண்டுவந்தது ட்ரம்ப் கட்சிதானே. ஒரே சீட்டில் அவங்களுக்கும் குத்திட்டு, இதுக்கும் ஆமான்னு குத்தியிருக்காங்களே?”

அவளுக்குத்தான் ஆச்சரியம். எனக்கு இல்லை. 36 வருஷம் அந்த இரண்டு குத்தையும் ஒரே ஆள் குத்துவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

இங்கே புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி: 1985-இல் வேலைக்குச் சேர்ந்து 2021-இல் ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம்தான் முழுச் சர்வீஸும். ஊரில் நர்ஸம்மா. பிறப்பால் கத்தோலிக்கக் கடற்கரைக் குடும்பம். இன்றும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாமல் போகிறவள். இதைச் சொல்லாமல் மேலே எழுதினால் சரியாக இருக்காது.

சப் சென்டருக்கு, அதாவது நான் வேலை பார்த்த துணை சுகாதார நிலையத்துக்கு, பகலில் வருவார்கள், தடுப்பூசிக்கு, பிரஷர் பார்க்க, சத்து மாத்திரைக்கு. விளக்கு வைத்த பிறகு வருகிறவர்கள் வேறு. வாசலில் செருப்பைக் கழற்றாமல் நிற்பார்கள். முந்தானை தலையில் இருக்கும். “நாள் தள்ளிப்போச்சு நர்ஸம்மா” என்பதற்கு முன்னால் என் பிள்ளைகளின் படிப்பு, கூரைக்குக் கீற்று மாற்றினேனா, இந்த வாடைக்காற்று எப்போது ஓயும், எல்லாம் விசாரித்துவிடுவார்கள்.

எங்கள் அன்பியக் கூட்டத்தில், அதாவது பங்கில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து நடத்தும் ஜெபக் கூட்டத்தில், ஓர் அக்கா உண்டு. ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன். கருவைக் கலைப்பது கொலை, அதற்குத் துணை போகிறவர்களுக்கும் நரகம் என்று கூட்டத்தில் முதலில் பேசுவது அவர்தான். பேசும்போது கண் என் பக்கம் ஒரு தடவை வந்து போகும். ஒரு மழைக்கால இரவில் அதே அக்கா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கல்யாணம் ஆகாத பிள்ளை. அட்டையில் இரண்டு கோடு. அக்கா அழவில்லை. “எத்தனை நாளைக்குள்ள பண்ணணும்?” என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அடுத்த புதன்கிழமை முடிந்தது. அதற்கடுத்த அன்பியத்தில் அக்கா மறுபடி அதேதான் பேசினார். இந்தத் தடவை கண் என் பக்கம் வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்கு அவர் மேல் கோபம் கிடையாது. அவர் பொய் பேசினார் என்றும் நினைக்கவில்லை. கூட்டத்தில் சொன்னதும் அவர் மனசுதான், இரவில் வந்ததும் அவர் மனசுதான்.

அண்ணன் மகளிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “எங்க பக்கத்து வீட்டுப் பாட்டி மாதிரி” என்றாள்.

அந்தப் பாட்டி கதையைச் சொல்ல வேண்டுமென்றால் 2023-க்குப் போகவேண்டும். கர்ப்பத்தின் பத்தாவது வாரத்தில் அண்ணன் மகளுக்கு உதிரப்போக்கு. மாப்பிள்ளை அப்போது ராமநாதபுரத்தில், அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு வந்திருந்தார். செயின்ட் லூயிஸில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்து, குழந்தை தங்காது, ஆனால் துடிப்பு இன்னும் கொஞ்சம் இருக்கிறது, வீட்டுக்குப் போய்க் காத்திருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். டாக்டர் கெட்டவர் இல்லை, பயந்தவர். அன்றைய மிசௌரிச் சட்டப்படி கலைத்துவிடும் டாக்டருக்கு 5 முதல் 15 வருஷம் வரை ஜெயில். தாய்க்கு அவசர ஆபத்து என்றால் விலக்கு உண்டு. எது அவசரம் என்று யார் சொல்வது? மூன்றாம் நாள் காய்ச்சல் தொடங்கியதும் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி இவளைக் காரில் ஏற்றி மிசிசிப்பி ஆற்றுப் பாலத்தைத் தாண்டினார். அக்கரை இல்லினாய் மாநிலம், அங்கே தடை இல்லை. ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. வழியெல்லாம் பாட்டி ஜெபமாலை சொல்லிக்கொண்டே ஓட்டினாராம்.

அந்தப் பாட்டி வீட்டுப் புல்வெளியில்தான் தேர்தலுக்கு இரண்டு மாதம் ட்ரம்ப் பெயர்ப் பலகை நின்றது. ஓட்டுப் போட்டுவிட்டு வந்து இவளிடம் மெதுவாகச் சொன்னாராம்: மூன்றாவதுக்கு ஆமாம் போட்டேன், என் மகனிடம் சொல்லிவிடாதே.

இந்தச் சட்டக் கூத்து எப்படி ஆரம்பித்தது என்று அன்றைக்கு ராத்திரி தேடிப் படித்தேன். 1973-லிருந்து அமெரிக்கா முழுக்க உரிமை இருந்திருக்கிறது, ஒரு தீர்ப்பினால். அந்தத் தீர்ப்பை அங்கத்திய உச்ச நீதிமன்றமே 2022 ஜூன் 24-ஆம் தேதி தூக்கிப் போட்டது. இனிமேல் அந்தந்த மாநிலம் பார்த்துக்கொள்ளட்டும் என்று. இவள் இருக்கும் மிசௌரி 2019-இலேயே சட்டம் எழுதித் தயாராக வைத்திருந்தது, தீர்ப்பு வந்த அன்றே தடை. பலாத்காரத்துக்கு ஆளானவளுக்குக்கூட விலக்கு இல்லாத தடை. அந்தத் தீர்ப்புக்கு வேர் 2016 தேர்தலில் இருக்கிறது. ட்ரம்ப் முதல் தடவை ஜெயித்து, நான்கு வருஷத்தில் மூன்று நீதிபதிகளை நியமித்தார். அந்த வருஷம் அவருக்குக் குத்தியவர்களில் எத்தனையோ பேர் வேலைக்கும் விலைவாசிக்குமாகத்தான் குத்தியிருப்பார்கள். ஆறு வருஷம் கழித்து அது பெண்களின் கர்ப்பப்பையில் வந்து இறங்கியது.

ஆனால் இந்தக் கேள்வியைத் தனியாகப் பிரித்து, திரை மறைவில் வைத்துக் கேட்டபோதெல்லாம் ஜனங்கள் பெரும்பாலும் வேறு பதில் சொல்லியிருக்கிறார்கள். மிசௌரிக்குப் பக்கத்து மாநிலம் கான்சஸ், அதுவும் அதே கட்சிக் கோட்டை. தீர்ப்பு வந்து ஆறே வாரத்தில், 2022 ஆகஸ்ட் 2-இல், உரிமையை எடுக்கலாமா என்று கேட்டார்கள். 59 சதவீதம் பேர் கூடாது என்றார்கள். ஒஹையோவில் ஒரு வேடிக்கை. 2023 நவம்பரில் இந்தக் கேள்வி வரப்போகிறது என்று தெரிந்ததும், ஆகஸ்ட்டில் அவசரமாக ஒரு தேர்தல் வைத்து, இனி 60 சதவீதம் கிடைத்தால்தான் அரசியல் சட்டத்தைத் திருத்தலாம் என்று ஜெயிக்கும் அளவை மேலே தூக்கப் பார்த்தார்கள். ஜனங்கள் அதைத் தோற்கடித்துவிட்டு, நவம்பரில் கிட்டத்தட்ட 57 சதவீதத்தில் உரிமையை எழுதிக்கொண்டார்கள். ஃபுளோரிடாவில் அந்த 60 சதவீத அளவு ஏற்கெனவே இருந்தது. 2024-இல் அங்கேயும் 57 சதவீதம்தான் கிடைத்தது, தோற்றுவிட்டது. நூறில் 57 பேர் ஆமாம் என்று சொல்லித் தோற்கிற தேர்தலை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. அன்றைக்கு மொத்தம் 10 மாநிலங்களில் கேட்டு 7-இல் ஜெயித்தது.

சரி, நம் கதைக்கு வருவோம்.

இங்கே இந்த விஷயத்துக்காக எவரும் ஓட்டுக் கேட்டு வந்ததில்லை. ராமநாதபுரம் தொகுதியில் எத்தனையோ தேர்தல் பார்த்துவிட்டேன். கச்சத்தீவு பேசுவார்கள், படகு மீட்பு பேசுவார்கள், குடிதண்ணீர், டீசல் மானியம். இது வாயில் வராது. நம்முடைய சட்டம் 1971-இல் வந்தது. அந்த வருஷம் மார்ச்சில் இந்திரா காந்தி வறுமையை ஒழிப்போம் என்று சொல்லி ஜெயித்தார், ஆகஸ்ட்டில் இந்தச் சட்டம் நிறைவேறியது, 1972 ஏப்ரல் 1-இல் அமலுக்கு வந்தது. அதற்கு முன்னால் சாந்திலால் ஷா குழு என்று ஒன்று உட்கார்ந்து, திருட்டுத்தனமாகக் கலைக்கப்போய்ப் பெண்கள் சாகிறார்கள் என்று அறிக்கை கொடுத்திருந்தது. ஜனத்தொகை பயமும் அரசாங்கத்துக்கு இருந்தது, அதை மறைக்க வேண்டாம். பெண்களின் உரிமை என்று யாரும் கொடி பிடித்து வாங்கியது இல்லை.

குடும்பக் கட்டுப்பாடு ஒரே ஒரு தடவைதான் தேர்தலில் அடித்தது, 1977-இல், வடக்கே. எமர்ஜென்சியில் ஆண்களைப் பிடித்துப்போய்க் கட்டாய ஆபரேஷன் செய்த கோபம். அதற்குப் பிறகுதான் துறையின் பெயரே குடும்ப நலம் என்று மாறியது. நான் சேர்ந்தபோது சீனியர் அக்காக்கள் பழக்கதோஷத்தில் “பிளானிங்” என்றே சொல்வார்கள்.

சட்டம் இருந்தால் போதுமா? 1986-இல் நடந்ததைச் சொல்கிறேன். சட்டம் வந்து பதினான்கு வருஷம் ஆகியிருந்தது. நான்கு பிள்ளைக்காரி, ஐந்தாவது உண்டாகியிருந்தாள். புருஷன் வலைக்காரன். ஊரில் ஒரு கிழவி எருக்கங்குச்சி வைத்துவிட்டாள். என்னைக் கூப்பிட்டபோது இரண்டு நாள் ஆகிவிட்டது. கதவைத் திறந்ததும் வந்த வாடையிலேயே தெரிந்துபோயிற்று. உடம்பு அனலாகக் கொதித்தது, வயிறு பலகை மாதிரி இருந்தது. அப்போது தீவுக்கு ரோடு பாலம் கிடையாது. அது வந்தது 1988-இல். ரயில்தான். கயிற்றுக் கட்டிலில் தூக்கிக்கொண்டு பாம்பன் ஸ்டேஷனுக்குப் போனோம். காற்று பலமாக இருந்ததால் வண்டியைப் பாலத்தில் விடவில்லை. பிளாட்பாரத்தில் கட்டிலை வைத்துவிட்டு நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அவள் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் முந்தானையை நனைத்து உதட்டில் வைத்தேன். பெரியாஸ்பத்திரியில் சேர்த்து மூன்றாம் நாள் இறந்துபோனாள்.

சட்டப் புத்தகத்தில் அவளுக்கு இடம் இருந்தது. கருத்தடை பலிக்காமல் போனாலும் கலைக்கலாம் என்று அதில் எழுதியே இருந்தது. அவளுக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை, சொன்னாலும் போகப் பாலம் இல்லை. அவளுடைய கடைசிப் பிள்ளை இப்போது ராமேஸ்வரத்தில் ஆட்டோ ஓட்டுகிறான். என்னிடம் காசு வாங்க மாட்டான்.

இன்னொன்று, பாலமெல்லாம் வந்த பிறகு, 2017. பாசி எடுக்கிற பெண். அந்தப் பெண்களை நேரில் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன், முங்கி முங்கிப் பாறையில் இருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்ப்பார்கள். விரலில் துணியைச் சுற்றித்தான் கடலில் இறங்குவார்கள், அப்படியும் விரல் கிழிந்து கிடக்கும். அந்த விரல்களால் என் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புருஷனை எல்லை தாண்டினான் என்று இலங்கை நேவி பிடித்து இரண்டு மாதம் ஆகிறது, யாழ்ப்பாணம் ஜெயிலில் இருக்கிறான். மூன்று பிள்ளைகள். கணக்குப் பார்த்தால் பதினொரு வாரம். அன்றைய சட்டப்படி பன்னிரண்டு வாரம் வரை ஒரு டாக்டர் முடிவெடுத்தால் போதும், தாண்டினால் இரண்டு டாக்டர். நான் வாரத்தை எண்ணினேன், அவள் கையில் இருக்கிற காசை எண்ணினாள்.

அனுப்பிய இடத்தில், புருஷன் கையெழுத்து வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். புருஷன் யாழ்ப்பாணம் ஜெயிலில். கையெழுத்துக்கு அவள் என்ன, கடலை நீந்திப் போவாளா? மறுநாள் லீவு போட்டுவிட்டு நானே கூடப் போனேன். பதினெட்டு வயசு முடிந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும், சி படிவத்தில் அவள் கையெழுத்துத்தான் கேட்டிருக்கிறது, புருஷனுக்கு அதில் இடமே இல்லை என்று படிவத்தைப் பிரித்துக் காட்டினேன். கவுன்ட்டரில் இருந்த பையன், “பின்னால பிரச்சனை வரும் மேடம்” என்றான். என்ன பிரச்சனை என்று கேட்டதற்குப் பதில் இல்லை. டாக்டரம்மா வந்து படித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே கூப்பிட்டார். அந்தப் பெண் பெருவிரலை மையில் வைத்தாள். வெட்டுக்காயம் குறுக்கே விழுந்து ரேகை இரண்டாகப் பிரிந்து பதிந்தது.

2021 திருத்தத்துக்குப் பிறகு வாரக்கணக்கு தளர்ந்திருக்கிறது. 20 வாரம் வரை ஒரு டாக்டர், சில வகைப் பெண்களுக்கு 24 வாரம் வரை இரண்டு டாக்டர். 2022 செப்டம்பர் 29-இல் நம் உச்ச நீதிமன்றம், கல்யாணம் ஆகாதவளுக்கும் அந்த 24 வாரம் உண்டு என்றது. அமெரிக்கக் கோர்ட் உரிமையைப் பிடுங்கி மூன்று மாதத்தில் இது. வாட்ஸ்அப்பில் நம் ஆட்கள் மார்தட்டிக்கொண்டார்கள். நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் இன்றைக்கும் எத்தனை கவுன்ட்டரில் புருஷன் எங்கே என்று கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், இன்னமும் என் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள் சொல்கிறார்கள்.

பொம்பளைப் பிள்ளை என்று தெரிந்துகொண்டு கலைக்க வருகிறவர்களை நான் ஏற்றதில்லை. வாசலோடு அனுப்பியிருக்கிறேன். ஸ்கேனில் பாலினம் சொல்வதைத் தடுக்கும் சட்டம் 1994-இலேயே வந்துவிட்டது. அதனால், எந்தக் கலைப்பும் எனக்கு ஒன்றுதான் என்று நினைத்துவிட வேண்டாம். பாவசங்கீர்த்தனத்தில் மற்ற வேலையை நான் சொன்னதில்லை. பாவம் என்று மனசுக்குப் படாததைப் போய்ச் சாமியாரிடம் எப்படிச் சொல்வது?

2025 மார்ச்சில் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போயிருந்தேன். சிலுவைப்பாதை முடிந்து நிழல் தேடி உட்கார்ந்தபோது பக்கத்தில் இலங்கைக்கார அம்மா ஒருவர். பேச்சு வாக்கில் தெரிந்தது, அவரும் என் வேலைதான், அங்கே மருத்துவமாது என்கிறார்கள். ஓய்வு பெற்று மன்னாரில் இருக்கிறார். கறுப்புத் தேநீரைப் பிளாஸ்கில் இருந்து ஊற்றிக் கொடுத்தார். இரண்டு நிமிஷத்தில் வாரக்கணக்குப் பேச ஆரம்பித்துவிட்டோம்.

அங்கே சட்டம் 1883-இல் வெள்ளைக்காரன் எழுதியது. தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும்தான், வேறு எதற்கும் கிடையாது. பலாத்காரத்துக்குக்கூட இல்லை. 1995-இல் தளர்த்தப் பார்த்து, பாராளுமன்றத்தில் எதிர்ப்பு வந்ததும் விட்டுவிட்டார்கள். 2024 நவம்பரில், அமெரிக்கத் தேர்தல் முடிந்து ஒன்பதாம் நாள், அங்கேயும் பாராளுமன்றத் தேர்தல். ஜனாதிபதி அநுர குமாரவின் கட்சி 225-இல் 159 ஜெயித்தது. எங்கள் கரையில் அந்த முடிவை நாங்கள் டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தோம், பிடித்து வைத்த படகை விடுவார்களா என்று.

“இவ்வளவு பலம் இருக்கே, இதை மாத்துவாங்களா?” என்று கேட்டேன்.

அவர் தேநீரை ஊதிக்கொண்டே, “எங்கட பிஷப்மாரும் விடாயினம், பிக்குமாரும் விடாயினம், பள்ளிவாசலும் விடாது. எல்லாரும் ஒற்றுமையா நிக்கிற ஒரே விசயம் இதுதான் அம்மா” என்று சிரித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “ஆனா பொழுதுபட்ட பிறகு என்ர வீட்டுக் கதவைத் தட்டாத சனம் இல்ல” என்றார்.

அவர் ஊரிலும் விளக்கு வைத்த பிறகுதான்.

2025 மே மாதம் அண்ணன் மகள் மறுபடி கூப்பிட்டாள். குரலில் எரிச்சல். ஜனங்கள் ஓட்டுப் போட்டு ஜெயித்த அந்த மூன்றாவதை ரத்து செய்யலாமா என்று 2026 நவம்பரில் திரும்பக் கேட்கப்போகிறார்களாம், மிசௌரி சட்டசபை தீர்மானம் போட்டுவிட்டது. ஜனங்கள் ஆமாம் என்று குத்திய சீட்டில்தான் அந்தச் சட்டசபை ஆட்களும் ஜெயித்தார்கள். நடுவில் கோர்ட் உத்தரவால் கலைப்புச் சேவையை ஒரு தடவை திறந்தார்கள், மாத முடிவில் மாநில உச்ச நீதிமன்ற உத்தரவால் மறுபடி நின்றுபோனது.

“அப்ப நவம்பர்ல எதுக்கு அத்தை அத்தனை சந்தோஷப்பட்டேன்?”

பதில் சொல்லத் தெரியவில்லை. பாட்டி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். நன்றாக இருக்கிறாராம். பலகையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தக்காளி போட்டிருக்கிறாராம்.

2025 ஜூன் 14, மீன்பிடித் தடைக்காலம் முடிந்தது. ராத்திரி முழுக்கப் படகுகளில் ஐஸ் ஏற்றும் சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அண்ணன் மகளிடமிருந்து இன்னொரு போன். முழுகாமல் இருக்கிறாளாம், ஏழு வாரம். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பிடுங்கப் பார்த்தாள். நான் கொடுக்கவில்லை. முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

“எந்தக் கரை டாக்டர்டி?”

“அக்கரைதான் அத்தை. பாலம் தாண்டி இருபத்தைஞ்சு நிமிஷம். பாட்டியும் வண்டிச் சாவியை வாசல் கிட்டயே மாட்டி வச்சிட்டாங்க.”

இருபத்தைந்து நிமிஷம். சரி என்று சொல்லிவிட்டு போனை அண்ணியிடம் கொடுத்தேன்.